பரிந்துரைக் கடிதம் எங்கே இடிக்கிறது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கூட வேலை பார்த்த ஒருவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதி முடித்துவிட்டீர்கள். எழுத்துப்பிழை இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனாலும் படித்துப் பார்த்தால் ஏதோ இடிக்கிறது, எதுவென்று பிடிபடவில்லை. அப்படி ஒரு கடிதம் கையில் இருந்தால் கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று தேடிப் பாருங்கள். இன்னும் எழுதவே தொடங்காதவர்கள் "உட்கார்ந்தால் ஒரு வரியும் வரவில்லை" என்ற பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். கடிதம் எழுதிக் கொடுத்ததும் உண்டு, ஆள் எடுக்கும் குழுவில் உட்கார்ந்து கட்டுக்கட்டாகப் படித்ததும் உண்டு. படிக்கும் பக்கம் போன பிறகுதான், அதுவரை நான் எழுதிக் கொடுத்தவற்றை நினைத்து வெட்கமாக இருந்தது.

முதலில் ஒரு சோதனை. விண்ணப்பிப்பவரைத் தெரியாத யாரிடமாவது கடிதத்தைக் கொடுத்து ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள். திரும்ப வாங்கிக்கொண்டு, "இவர் என்ன செய்தார்?" என்று மட்டும் கேளுங்கள். "நல்லவர் போல, உழைப்பாளி போல" என்று பதில் வந்தால் கடிதம் தேறவில்லை. "ஏதோ படிவத்தைச் சின்னதாக்கினாராமே" என்பது போல ஒரு செயலைச் சொன்னால் தேறிவிட்டது. படிக்கிறவர் உங்களைச் சாட்சியாகத்தான் பார்க்கிறார். நீங்கள் கண்ணால் என்ன பார்த்தீர்கள் என்பதுதான் அவருக்கு வேண்டும். கடிதத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, பார்த்ததை எழுதாமல் விடுவதால் வருபவை. மிச்சம், பார்க்காததை எழுதுவதால் வருபவை.

அறிகுறி: பெயரை மாற்றினாலும் கடிதம் அப்படியே பொருந்துகிறது

அதிகம் கண்ணில் படுவது இதுதான். ஒரு மாதிரி:

"இவர் எங்கள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். கடின உழைப்பாளி. நேர்மையானவர். குழுவோடு இணைந்து செயல்படும் திறன் மிக்கவர். கொடுத்த பணிகளைக் குறித்த நேரத்தில் முடிப்பவர். இவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்."

இதில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் இதே தாளை வாசல் காவலருக்கும் கொடுக்கலாம், நிதி மேலாளருக்கும் கொடுக்கலாம். இணையத்தில் கிடைக்கும் டெம்ப்ளேட்டை எடுத்து நிரப்பினாலும், எழுதித்தரும் மென்பொருளிடம் பெயரை மட்டும் கொடுத்துக் கேட்டாலும் வருவது இதுவேதான். மேசையில் இருக்கும் கட்டுக்குள் இப்படிப் பத்துக் கடிதம் இருக்கும். பதினொன்றாவதைப் படிக்கும்போது கண் தானாக அடுத்த பத்திக்குத் தாவிவிடும்.

சரிசெய்ய: ஒவ்வொரு அடைமொழியாக எடுத்துக்கொள்ளுங்கள். "கடின உழைப்பாளி" என்று எழுதினீர்களே, அப்படி நினைத்தது எப்போது? எந்த நாள், என்ன வேலை, அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? நாம் ஒருவரைப் பற்றி வைத்திருக்கும் ஒவ்வொரு அபிப்பிராயத்துக்கும் பின்னால் ஒரு சம்பவம் இருக்கும். சம்பவம் மறந்து போய் அபிப்பிராயம் மட்டும் தங்கிவிடுகிறது. அந்தச் சம்பவத்தைத் தோண்டி எடுத்து எழுதிவிட்டு, அடைமொழியை அடித்துவிடுங்கள்.

கணக்குப் பிரிவில் இருந்த ஒருவருக்கு முதலில் மேலே உள்ளது போலத்தான் எழுதி வைத்திருந்தேன். பிறகு கிழித்துப் போட்டுவிட்டு எழுதியது இது:

"மாதக் கணக்கு முடிக்க எங்களுக்கு வழக்கமாக 9 நாள் ஆகும். இவர் பொறுப்பேற்ற நான்காவது மாதம் அது 5 நாளானது. எந்தப் பிரிவிலிருந்து ரசீதுகள் எந்தத் தேதியில் வருகின்றன என்று ஒரு மாதம் முழுக்கக் குறித்து வைத்தார். தாமதம் இரண்டே பிரிவுகளில்தான் என்று தெரிந்தது. அவர்கள் மீது புகார் எழுதச் சொல்லி நானே சொன்னேன். இவர் எழுதவில்லை. அவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் 22 கட்டங்கள் இருந்தன. அதை 8 ஆகக் குறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த மாதம் ரசீதுகள் நேரத்துக்கு வந்தன."

இதில் "பொறுமைசாலி" என்ற சொல் இல்லை, "சிக்கலைத் தீர்க்கும் திறன்" இல்லை. படிப்பவர் அவற்றைத் தானே சொல்லிக்கொள்வார். நாம் சொல்லி அவர் நம்புவதற்கும், அவரே முடிவுக்கு வருவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள்: இவர் செய்யாமல் விட்டதும் கடிதத்தில் இருக்கிறது. புகார் எழுதாதது. ஒருவரின் குணம் பல சமயம் அவர் செய்ய மறுத்த காரியத்தில்தான் தெரியும். எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

எண் இல்லாத வேலைகளும் உண்டு. செவிலியர், வரவேற்பாளர், ஓட்டுநர் போன்றவர்களுக்குச் சதவீதம் எதையும் எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். "இரவுப் பணி மாறும்போது இவர் எழுதி வைக்கும் குறிப்பைப் படித்தால், வீட்டுக்குப் போனவரை மறுபடி போனில் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்காது. இவர் விடுப்பில் இருந்த வாரத்தில்தான் அது எங்களுக்குப் புரிந்தது." இரண்டு வரி போதும், ஆள் தெரிந்துவிட்டார்.

ஒரு எச்சரிக்கை. சம்பவம் எழுதுகிறேன் என்று அலுவலக ரகசியத்தையோ வாடிக்கையாளர் பெயரையோ வெளியிட்டுவிடாதீர்கள். "பெரிய வாடிக்கையாளர் ஒருவர்" என்றாலே போதும்.

அறிகுறி: புகழ்ந்துதான் எழுதினேன், குறை சொன்னது போலத் தொனிக்கிறது

இது ஆபத்தான கோளாறு. எழுதியவருக்குத் தெரியாமலே விண்ணப்பிப்பவரின் காலை வாரிவிடும்.

ஜெர்மனியில் இது தனி மொழியாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே வேலையை விட்டுப் போகிறவர் எழுத்தில் சான்று கேட்டுப் பெறுவது சட்டப்படியான உரிமை. சான்று உண்மையாகவும் இருக்க வேண்டும், நல்லெண்ணத்தோடும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்கின்றன. சுமாராக வேலை செய்தவருக்கு இரண்டையும் சேர்த்து எப்படி எழுதுவது? ஒரு சொல்லைக் கூட்டி ஒரு சொல்லைக் குறைத்துத்தான். "எப்போதும் எங்கள் முழு நிறைவுக்கு ஏற்றபடி வேலை செய்தார்" என்றால் நல்ல மதிப்பெண். அதில் "எப்போதும்" காணாமல் போனால் நடுத்தரம். "முழு"வும் போய்விட்டால் ஏதோ ஒப்பேற்றினார் என்று பொருள். "முயற்சி எடுத்துக்கொண்டார்" என்று மட்டும் இருந்தால் தோல்வி. வெளியே ஒன்று சொல்லி உள்ளே ஒன்று வைக்கும் வாசகங்கள் கூடாது என்று அந்த நாட்டுச் சட்டமே தடுக்கிறது. இருந்தும் இந்த அளவுகோல் மட்டும் எல்லோருக்கும் தெரிந்த வாய்ப்பாடாக நிலைத்துவிட்டது. "எப்போதும்" இல்லாத சான்று நடுத்தர மதிப்பெண்தான், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஊழியர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2014-இல் அங்குள்ள கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. ஒரே ஒரு சொல்லுக்காக அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள்.

நமக்கு அப்படி வாய்ப்பாடு கிடையாது. ஆனால் காது இருக்கிறது. "தன்னால் இயன்றவரை முயன்றார்" என்றால் முடிக்கவில்லை என்றுதான் கேட்கும். "கொடுத்த வேலையைச் செய்துவிடுவார்" என்றால், கொடுக்காவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார் போல. "எனக்குத் தெரிந்தவரை நேர்மையானவர்" என்ற வரி தேவையில்லாத ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. "இவர் மீது எந்தப் புகாரும் இல்லை" என்பது போலீஸ் சான்றிதழில் வரவேண்டிய வாசகம். "இவர் போன பிறகு எங்கள் அலுவலகம் பழையபடி இல்லை" என்று ஒருவர் உருக்கமாக எழுதியிருந்தார். குழுவில் இருந்த எங்களுக்கு, அலுவலகம் உருப்பட்டுவிட்டது என்கிறாரா என்ற சந்தேகம் கடைசிவரை தீரவில்லை.

சின்னப் பாராட்டைப் பெரிய இடத்தில் வைப்பதும் இதே கணக்குதான். மேலாளர் பதவிக்குப் போகிறவரைப் பற்றி "நேரத்துக்கு வருவார், கலகலப்பாகப் பழகுவார்" என்று மட்டும் இருந்தால், வேறு சொல்ல ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. சொல்லாமல் விடுவதும் பேசும். பணத்தைக் கையாளும் வேலைக்கு விண்ணப்பித்தவரின் கடிதத்தில் அவர் பணத்தைக் கையாண்ட விதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்றால், படிப்பவர் பேனாவை எடுத்து ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார்.

சரிசெய்ய: வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குச் சிக்காதது காதில் சிக்கும். "முயன்றார்" வரும் இடங்களில் "செய்தார்" என்று போட முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் அந்த வரியே வேண்டாம். "முதலில் கொஞ்சம் தடுமாறினாலும்", "இருந்தாலும்", "ஆனால்" என்று தொடங்கும் இடங்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். அப்புறம், இந்தப் பதவிக்கு உயிர்நாடியான ஒன்றிரண்டு விஷயங்களைப் பற்றிக் கடிதத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

அறிகுறி: பெண்ணுக்கு எழுதியது மட்டும் மென்மையாக இருக்கிறது

இதை மேலே உள்ளதோடு சேர்த்திருக்கலாம். தனியாகச் சொல்லக் காரணம், நல்லெண்ணத்தோடு எழுதுகிறவர்களும் இதில் விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன்.

பிரான்சிஸ் டிரிக்ஸ், கேரலின் சென்கா என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர் பணிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களைப் படித்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலை கிடைத்தவர்களின் கடிதங்கள்தாம் அவை, எல்லாம் பாராட்டுக் கடிதங்களே. அதிலும் பெண்களுக்கு எழுதப்பட்டவை சராசரியாக நீளம் குறைவு. சந்தேகத்தைக் கிளப்பும் வாசகங்கள் அதிகம். உழைப்பைப் பற்றிய சொற்கள் பெண்கள் பக்கம் கூடுதலாகவும், ஆய்வுச் சாதனை பற்றிய பேச்சு ஆண்கள் பக்கம் கூடுதலாகவும் இருந்தன.

சோதித்துப் பார்ப்பது எளிது. கடிதத்தில் இருப்பவரை ஆணாக நினைத்துக்கொண்டு மறுபடி படியுங்கள். "அன்பாகப் பழகுவார், பணிவானவர், எல்லோருக்கும் உதவுவார்" என்பது அவருக்குப் போதாது போலத் தோன்றினால் இவருக்கும் போதாது. "குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவிலும்" என்று தொடங்கும் வரி இருக்கிறதா? பாராட்டாக நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள். அடித்துவிடுங்கள். ஆணுக்கு எழுதும்போது அந்த வரி உங்கள் பேனாவில் வந்ததே இல்லை அல்லவா.

அறிகுறி: ஆஹா ஓஹோ என்று இருக்கிறது, யாரும் நம்பவில்லை

"நான் பார்த்தவர்களிலேயே மிகச் சிறந்தவர்." சரி, எத்தனை பேரைப் பார்த்தீர்கள்? மூன்று பேரா, முந்நூறு பேரா? படிப்பவர் மனதில் முதலில் எழும் கேள்வி அதுதான். பதில் கடிதத்தில் இல்லாவிட்டால் அந்த வாக்கியத்துக்கு எடையே கிடையாது.

சரிசெய்ய, ஒப்பிடும் கூட்டத்தைச் சொல்லுங்கள். "கடந்த 12 ஆண்டுகளில் சுமார் 40 பேர் என் கீழ் வேலை பார்த்திருக்கிறார்கள். வாடிக்கையாளரின் கோபத்தைக் கையாள்வதில் இவரை முதல் மூன்று பேரில் வைப்பேன்." எல்லாவற்றிலும் முதல் என்பதைவிட ஒன்றில் முதல் மூவரில் என்பது நம்பும்படி இருக்கிறது. ஒரே நிபந்தனை, அது உண்மையாக இருக்க வேண்டும். அதே நிறுவனத்துக்கு அடுத்த வருடம் இன்னொருவரையும் "மிகச் சிறந்தவர்" என்று அனுப்பினால், பழைய கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

உயர்வு நவிற்சியே வென்ற ஒரு கடிதம் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. 1948-இல் கார்னெகி தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ரிச்சர்ட் டஃபின், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு ஒரு மாணவரைப் பரிந்துரைத்து எழுதினார். மாணவரின் பெயர், வயது 19, எப்போது பட்டம் பெறுகிறார் என்ற விவரம், கடைசியில் "இவர் ஒரு கணித மேதை" என்று ஒரு வரி. அவ்வளவுதான் கடிதம். மாணவர் ஜான் நாஷ். 1994-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். இதைக் காட்டி "சுருக்கமாக எழுதினாலே போதும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. டஃபின் தாமே ஒரு கணிதவியலாளர், எழுதியது கணிதத் துறைக்கு. அவர் மேதை என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று படிப்பவர்களுக்குத் தெரியும். நம் கையெழுத்துக்கு அந்த மதிப்பு இருந்தால் நாமும் ஒரு வரியில் முடிக்கலாம். இல்லாதவரை சம்பவம்தான் துணை.

நீளம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்கான கடிதம் ஒரு பக்கம். இரண்டாம் பக்கத்துக்குப் போனால் எதையோ திரும்பச் சொல்கிறீர்கள்.

அறிகுறி: உட்கார்ந்தால் ஒரு வரியும் வரவில்லை

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று மறதி, இன்னொன்று உங்களுக்கு அந்த ஆளை உண்மையிலேயே தெரியாது.

மறதி என்றால் கேட்டு வாங்குங்கள். வேலை விளம்பரம், இப்போதைய ரெஸ்யூமே, கடைசித் தேதி, யார் பெயருக்கு எழுதுவது, எப்படி அனுப்புவது. கூடவே ஒரு கேள்வி: "நாம் சேர்ந்து செய்த வேலையில் உங்களுக்கு நினைவில் நிற்பது எது? இரண்டு மூன்று அனுப்புங்கள்." அவர் அனுப்பும் மூன்றில் ஒன்றைப் பார்த்ததும் உங்களுக்கே மற்றது நினைவுக்கு வரும். நினைவுக்கு வராத எதையும் அவர் சொன்னார் என்பதற்காக எழுத வேண்டாம்.

தெரியாத ஆள் என்றால் மறுத்துவிடுங்கள். நம்மால் முடியாத காரியம் இதுதான். கேட்டவரின் முகத்தைப் பார்த்து "முடியாது" என்று சொல்லத் தயங்கி, வீட்டுக்கு வந்து சப்பென்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். மறுத்திருந்தால் அவருக்கு ஒரு நிமிடம் சங்கடம். சப்பென்ற கடிதத்தால் வேலையே போகலாம், காரணமும் அவருக்குத் தெரியவராது.

மறுக்கும் பேச்சு இப்படி இருக்கலாம்:

"சார், அந்த வேலைக்கு ஒரு லெட்டர் வேணும். நீங்க எழுதினா நல்லா இருக்கும்."

"எழுதறதுல ஒண்ணுமில்லப்பா. ஆனா உன் வேலையை நான் பக்கத்துல இருந்து பார்த்ததில்ல. நான் எழுதினா நாலு நல்ல வார்த்தை இருக்கும், விஷயம் இருக்காது. உன் டீம் லீடர் ரெண்டு வருஷம் உன்கூடவே இருந்தாங்க. அவங்ககிட்ட கேளு. அவங்க லெட்டர்தான் உனக்குப் பலம்."

"அவங்க பெரிய பதவியில இல்லையே சார்?"

"பதவியைப் பார்க்கமாட்டாங்க. உன்னைத் தெரிஞ்சவங்களான்னுதான் பார்ப்பாங்க."

கடைசியில் அந்த இளைஞர் கேட்ட கேள்வி எல்லோருக்கும் வருவது. பெரிய பதவிக்காரரின் மொட்டையான கடிதத்தைவிட, கூடவே உட்கார்ந்து வேலை பார்த்தவரின் விவரமான கடிதத்துக்குத்தான் நான் இருந்த குழுக்களில் மதிப்பு இருந்தது.

அறிகுறி: கடிதம் விண்ணப்பதாரரின் குரலில் பேசுகிறது

"நேரம் இல்லை, நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்." எங்கும் நடப்பதுதான், நடக்காதது போல நடிக்க வேண்டாம். ஆனால் என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

ஒரு முறை ஒரே விண்ணப்பத்தோடு இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. கையெழுத்துப் போட்டவர்கள் வேறு வேறு, நிறுவனங்கள் வேறு வேறு. இரண்டிலும் "எந்தச் சூழலிலும் நிதானம் இழக்காதவர்" என்ற ஒரே வாக்கியம். அதோடு "மேற்ப்பார்வை" என்று இரண்டிலும் அதே இடத்தில் ஒரு "ப்" கூடுதல். குழுவில் இருந்தவர் இரண்டு தாளையும் விளக்குக்கு நேரே ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துக் காட்டினார். அந்த ஆள் நிஜமாகவே நல்ல வேலைக்காரராக இருந்திருக்கலாம். கடிதம் எதற்கும் உதவவில்லை, உள்ள பெயரையும் கெடுத்தது.

நீங்கள் கையெழுத்துப் போடுபவர் என்றால், அவரிடம் வாக்கியங்களை வாங்காதீர்கள், குறிப்புகளை மட்டும் வாங்குங்கள். தேதி, வேலை, எண், அவ்வளவே. வாக்கியம் உங்களுடையதாக இருக்கட்டும். கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை.

நீங்கள் எழுதிக்கொண்டு போகச் சொல்லப்பட்டவர் என்றால், கையெழுத்துப் போடப்போகிறவர் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். உங்களைப் பற்றி ஒரு அடைமொழியும் போடாதீர்கள். ஒப்பீடு வரவேண்டிய இடத்தில் இடம் விட்டு, "இங்கே உங்கள் அபிப்பிராயத்தை எழுதவும்" என்று குறித்துக் கொடுங்கள். அந்த இடத்தை நிரப்ப உட்காரும்போது பலர் மேலே உள்ளதையும் சேர்த்துத் திருத்திவிடுவார்கள். நடக்கிறது, பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: ரெஸ்யூமேயைப் படித்தது போலவே இருக்கிறது

படிப்பு, பதவி, சேர்ந்த தேதி, தெரிந்த மென்பொருள்கள். இதெல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. உங்களுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு, எவ்வளவு காலம் என்று முதல் இரண்டு வரியில் சொல்லிவிட்டு நேரே சம்பவத்துக்கு வாருங்கள்.

அறிகுறி: நல்ல கடிதம்தான், இந்த வேலைக்கு ஒட்டவில்லை

வேலை விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதாததுதான் காரணம். மேலே சொன்ன கணக்குப் பிரிவுக்காரர் ஆய்வாளர் வேலைக்குப் போகிறார் என்றால், ஒரு மாதம் முழுக்கத் தேதிகளைக் குறித்து வைத்தாரே, அதை விரித்து எழுத வேண்டும். குழுத் தலைவர் வேலை என்றால் புகார் எழுத மறுத்த இடத்தை விரிக்க வேண்டும். ஆள் அதேதான், சம்பவமும் அதேதான், வெளிச்சம் விழும் இடம் மட்டும் மாறுகிறது. "சம்பந்தப்பட்டவருக்கு" என்று பொதுவாக ஒன்றை எழுதிக் கொடுத்து எல்லா இடத்துக்கும் அதையே அனுப்பச் சொல்வது பாதி உதவிதான்.

அறிகுறி: ஒரு குறை தெரியும், எழுதுவதா விடுவதா

கேட்காவிட்டால் எழுத வேண்டாம். படிவத்தில் நேராகக் கேட்டிருந்தால், உண்மையான, சின்ன, மாறிவரும் ஒன்றைச் சொல்லுங்கள்: "கூட்டங்களில் பேசத் தயங்குவார். இந்த ஆண்டு இரண்டு முறை தாமாகவே முன்வந்து விளக்கம் அளித்தார்." "இவருடைய ஒரே குறை அளவுக்கு மீறி உழைப்பது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படிக்கும் அறையில் சிரிப்பார்கள்.

குறை பெரிது, மறைத்தால் அடுத்த இடத்தில் யாருக்காவது கேடு வரும் என்றால் கடிதமே கொடுக்காதீர்கள். வதந்தியை எழுதாதீர்கள். முன்னாள் ஊழியரைப் பற்றிக் கருத்து எழுதும் முதலாளி கவனத்தோடு எழுதக் கடமைப்பட்டவர், கவனக்குறைவால் நஷ்டம் வந்தால் பொறுப்பேற்க வேண்டும் என்று 1994-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பல நிறுவனங்கள் "சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, அதற்கு மேல் ஒன்றும் எழுதக் கூடாது" என்று விதி வைத்திருப்பது இந்தப் பயத்தினால்தான். உங்கள் அலுவலகத்தில் அப்படி விதி இருக்கிறதா என்று ஹெச்.ஆரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். இருந்தால், தனிப்பட்ட முறையில், லெட்டர்ஹெட் இல்லாமல் எழுத அனுமதி உண்டா என்றும் கேளுங்கள்.

உடல்நிலை, திருமணம், மதம், பிள்ளை பெற எடுத்த விடுப்பு, இவை எதுவும் பாராட்டாகக்கூடக் கடிதத்தில் வரக் கூடாது.

அறிகுறி: முடிவு மங்கலாக இருக்கிறது

"எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்" என்பது வழியனுப்பு விழாவுக்குப் பொருத்தம். கடிதத்தின் முடிவில் அவர்கள் தேடுவது ஒரே பதிலை: நீங்களாக இருந்தால் மறுபடி எடுப்பீர்களா? ஆம் என்றால் அதையே எழுதுங்கள். "என் பிரிவில் இடம் இருந்தால் இவரை நாளைக்கே திரும்ப எடுத்துக்கொள்வேன்." எழுதக் கை வரவில்லை என்றால் அந்தக் கூச்சத்தையும் கவனியுங்கள். கடிதம் முழுவதையுமே கொஞ்சம் அடக்கி எழுத வேண்டியிருக்கலாம், அல்லது மறுத்திருக்க வேண்டியிருக்கலாம்.

அதன் கீழே பெயர், பதவி, தொலைபேசி எண், தேதி. கையெழுத்துப் போட்டு பிடிஎஃப் ஆக அனுப்புங்கள், திருத்தக்கூடிய வேர்டு கோப்பாக அல்ல. கோப்புக்கு "லெட்டர் ஃபைனல் 3" என்று பெயர் வைக்காமல் விண்ணப்பிப்பவரின் பெயரை வையுங்கள்.

அறிகுறி: போன் வந்தது, என்ன எழுதினோம் என்று நினைவில்லை

அனுப்பிய கடிதத்தின் நகலை எடுத்த எடுப்பில் கைக்குக் கிடைக்கும் இடத்தில் வைத்திருங்கள். அழைப்பு மூன்று வாரம் கழித்து, நீங்கள் சாப்பிட உட்காரும்போதுதான் வரும். முதல் தடவை எனக்கு வந்தபோது "ரொம்ப நல்ல பையங்க" என்பதற்கு மேல் வாயில் எதுவும் வரவில்லை. எதிர்முனையில் இருந்தவர் நாகரிகமாக நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

கணக்குப் பிரிவுக்காரருக்காக வந்த அழைப்பின்போது கடிதம் எதிரிலேயே இருந்தது. எத்தனை வருடம் தெரியும், ஏன் விலகுகிறார் என்ற வழக்கமான கேள்விகளை அந்த அம்மா கேட்கவே இல்லை. "அந்த 22 கட்டத்தில் எந்த 14-ஐ நீக்கினார், எதை வைத்துக்கொண்டார், எப்படி முடிவு செய்தார்?" என்று கேட்டார். இருபது நிமிடம் பேசினோம்.